கிண்டிலில் விலை போவது புத்தகமா, பக்கமா?

இணையத்தில் தொடராக வரும் ஒரு குடும்ப நாவலை வாரக்கணக்கில் யூடிக்கு, அதாவது அடுத்த அத்தியாயத்துக்கு, காத்திருந்து படித்து முடிக்கிறீர்கள். பிடித்துப்போய், மறுபடி முதலிலிருந்து படிக்கலாம் என்று சில நாள் கழித்துப் போனால் அத்தியாயங்கள் எதையும் காணோம், "இந்தக் கதை இப்போது கிண்டிலில் கிடைக்கும்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. வாசகர்களுக்குக் கோபம் வருவது இயல்புதான், இத்தனை நாள் கருத்துச் சொல்லி, உற்சாகப்படுத்தி, கூடவே வந்தவர்கள் இல்லையா. பணத்தாசை என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். ஆனால் அந்த எழுத்தாளர் செய்தது அமேசானோடு போட்ட ஒப்பந்தத்தின் ஒரே ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது மட்டும்தான். அந்த நிபந்தனையின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால், தமிழில் பதிப்பகம் இல்லாமல் தானே மின்னூல் போடுகிற ஒருவருக்குப் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த மாதிரி எழுத்துக்கு வருகிறது, எதற்கு வராது என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். எப்படி ஏற்றுவது என்று சொல்லித்தர யூடியூபில் நிறையப் பேர் இருக்கிறார்கள், இந்தக் கணக்கைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை.

அமேசான் 2007 நவம்பரில் கிண்டில் கருவியை வெளியிட்டபோதே, யார் வேண்டுமானாலும் நேரடியாகப் புத்தகம் ஏற்றலாம் என்கிற வசதியையும் கூடவே திறந்துவிட்டது. அதுதான் பின்னால் கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமாகக் கேடிபி. 2010 ஜூன் கடைசியில் எழுத்தாளருக்கு 70 சதவீதம் என்பது நடைமுறைக்கு வந்தது, அதன் பிறகுதான் அமெரிக்காவில் தனியாகப் புத்தகம் போடுவது பெரிய அலையாக மாறியது. தமிழுக்கு அந்தக் கதவு திறந்தது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்த்து. 2018-ல் அமேசான் நடத்திய 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் ஆங்கிலம், இந்தியோடு தமிழையும் சேர்த்தார்கள். அதுவரை இணையத்தில் காசு பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு, அதிலும் குடும்ப நாவல் எழுதும் பெண்களுக்கு, இங்கே ஒரு இடம் இருக்கிறது என்று தெரியவந்ததில் அந்தப் போட்டிக்கு நல்ல பங்கு உண்டு. அச்சில் ராயல்டி பெரும்பாலும் 10 சதவீதம், அதுவும் கணக்கு ஒழுங்காக வந்தால். பலர் தன் கைக்காசைக் கொடுத்தே புத்தகம் போட்டுக்கொண்டிருந்த சூழலில் 70 சதவீதம் என்பது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அந்த 70 சதவீதம் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்றால், இல்லை. கேடிபியில் இரண்டு விகிதங்கள் உண்டு, 35 ஒன்று, 70 ஒன்று. அமெரிக்கக் கடையில் 2.99 டாலரிலிருந்து 9.99 டாலருக்குள் விலை வைத்தால் 70-ஐத் தேர்ந்தெடுக்கலாம், அதற்குக் கீழேயோ மேலேயோ போனால் 35தான். 0.99 டாலருக்கு விற்றால் கையில் வருவது ஏறத்தாழ 35 சென்ட், 2.99 வைத்தால் இரண்டு டாலருக்கும் மேல். மலிவாக வைத்தால் நிறைய விற்கும் என்று நினைத்து அடிமட்ட விலை வைப்பவர்கள், அதே பணத்துக்கு ஆறு மடங்கு பிரதிகள் விற்றாக வேண்டும் என்பதைக் கவனிப்பதில்லை. இந்தியக் கடைக்கு இதைவிட முக்கியமான ஒரு கூடுதல் நிபந்தனை இருக்கிறது. கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் புத்தகத்தைச் சேர்த்தால்தான் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம், சேர்க்காவிட்டால் என்ன விலை வைத்தாலும் 35.

செலக்டில் சேர்வது என்றால், 90 நாட்களுக்கு அந்த மின்னூல் அமேசானைத் தவிர வேறு எங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில்கூட இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட இருக்கக் கூடாது. மாதிரிக்காக 10 சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். தொடர் காணாமல் போகிற மர்மம் இவ்வளவுதான். 90 நாள் முடிந்ததும் அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் புதுப்பிப்புக்கான டிக்கை நீங்களே போய் எடுக்க வேண்டும். நடுவில் புத்தகத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட்டாலும் 90 நாள் கட்டுப்பாடு முடியும்வரை தொடரும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது, தாராளமாக எங்கும் விற்கலாம்.

செலக்டில் இருக்கிற புத்தகங்கள் எல்லாம் கிண்டில் அன்லிமிடெட்டுக்குள் போகின்றன. வாசகர் மாதச் சந்தா கட்டிவிட்டு எத்தனை புத்தகம் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். அமெரிக்காவில் 2014 ஜூலையில் மாதம் 9.99 டாலருக்குத் தொடங்கினார்கள், இந்தியாவுக்கு 2015 செப்டம்பரில் 199 ரூபாய்க்கு வந்தது. ஆரம்பத்தில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பத்து சதவீதம் படித்தாலே எழுத்தாளருக்கு முழுத் தொகை என்று இருந்தது, உடனே ஆளாளுக்கு இருபது முப்பது பக்கத்துக்குக் குட்டிப் புத்தகங்களாகப் போட்டுத் தள்ளினார்கள். அதைத் தடுக்க 2015 ஜூலை 1 முதல் படித்த பக்கத்துக்கு மட்டும் பணம் என்று மாற்றினார்கள். மாதா மாதம் அமேசான் ஒரு நிதியை அறிவிக்கும், அந்த மாதம் வாசகர்கள் எல்லோரும் படித்த மொத்தப் பக்கங்களுக்கு அது பங்கு பிரியும். பக்கம் என்பது அச்சுப் பக்கம் இல்லை, எழுத்தின் அளவையும் இடைவெளியையும் ஒரே சீராக்கி அவர்களே எண்ணிச் சொல்வது. ஒரு வாசகர் ஒரு பக்கத்தை முதல் தடவை படிப்பதற்கு மட்டும்தான் காசு, உங்கள் நாவலைப் பத்து தடவை ஆசை ஆசையாகப் படித்தாலும் கணக்கில் ஒன்றுதான்.

தமிழ் மின்னூலின் பொருளாதாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். சந்தா வைத்திருக்கும் வாசகர் தனியாக ஒரு புத்தகத்தை விலை கொடுத்து வாங்க மிகவும் யோசிப்பார், அவர் ஏற்கெனவே மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆகவே தொடர்ந்து எழுதுகிறவர்களுக்கு வருமானத்தில் பெரும்பகுதி விற்பனையாக வராமல் பக்கமாக வருகிறது. பக்கத்துக்குக் கிடைக்கும் தொகையோ நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் அரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும், இந்தியாவில் சந்தாவே குறைவு என்பதால் பைசாக் கணக்கில்தான் வரும். கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று பக்கத்துக்கு 10 பைசா என்றே வைத்துக்கொள்வோம். 400 பக்க நாவலை ஒருவர் கடைசிவரை படித்தால் 40 ரூபாய். 60 பக்கக் கவிதைத் தொகுப்பை ஒருவர் வரிவரியாக ரசித்துப் படித்தாலும் 6 ரூபாய். கவிதைக்குப் பின்னால் மூன்று வருட உழைப்பு இருக்கலாம், அந்தக் கணக்கு இங்கே எடுபடாது.

இதைப் புரிந்துகொண்டால் கிண்டிலில் ஏன் நீளமான குடும்ப நாவல்களும் பாகம் பாகமாக வரும் கதைகளும் கொழிக்கின்றன, ஏன் நல்ல சிறுகதைத் தொகுப்புகள் வந்த சுவடே இல்லாமல் போகின்றன என்பதற்கு ரசனையைத் திட்ட வேண்டியதில்லை. பக்கத்துக்குப் பணம் என்கிற ஏற்பாடு நீளத்துக்கும் விறுவிறுப்புக்கும் கூலி தருகிறது. அடுத்த அத்தியாயத்தைப் புரட்ட வைக்கிற எழுத்துக்கு அது உண்மையிலேயே நியாயமான ஏற்பாடுதான், வாசகர் பாதியில் விட்டால் உங்களுக்கும் பாதிதான். தினமும் ஆயிரம் ஆயிரத்தைந்நூறு வார்த்தை எழுதி, வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவில் வருடத்துக்கு நான்கு நாவல் முடிக்கிற பெண்கள் இதில் ஒரு மாதச் சம்பளம் போலப் பார்க்கிறார்கள் என்றால் அதை நான் மதிப்போடுதான் பார்க்கிறேன். இலக்கியவாதிகள் சிலர் அவர்களை ஏளனமாகப் பேசுவது எனக்குச் சகிப்பதே இல்லை. அதே நேரத்தில், வேறு மாதிரி எழுதுகிறவர் அவர்களைப் பார்த்துவிட்டு அதே பாதையில் இறங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கவிதையோ கட்டுரையோ எழுதுகிறவர் அப்போது என்ன செய்வது? செலக்டுக்கு வெளியே இருந்தால் இந்தியாவில் 100 ரூபாய் புத்தகத்துக்கு 35 ரூபாய் வரும், ஆனால் அதே புத்தகத்தைக் கூகுள் பிளே புக்ஸிலும் போடலாம், தன் தளத்தில் பிடிஎஃப் ஆகவும் விற்கலாம், நண்பர்களுக்கு ஈபப் என்ற மின்னூல் கோப்பாக அனுப்பலாம். உள்ளே இருந்தால் ஒரு விற்பனைக்கு 70 வரும், ஆனால் வாங்கியிருக்கக் கூடியவரே அன்லிமிடெட்டில் எடுத்துப் படித்து 6 ரூபாய் தருவார். சின்னப் புத்தகத்துக்கு வெளியே இருப்பதே மேல் என்று நினைக்கிறேன், அதிலும் உங்களுக்கென்று ஐம்பது நூறு பேர் காத்திருக்கிறார்கள் என்றால் சந்தேகமே இல்லாமல். புதிதாக வருபவர், யாருக்கும் பெயர் தெரியாது என்றால் நிலைமை வேறு. செலக்டில் 90 நாளைக்கு ஐந்து நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம், அன்லிமிடெட் வாசகருக்குப் புதியவரைத் தொட்டுப் பார்ப்பதில் நஷ்டமும் இல்லை. முதல் 90 நாள் உள்ளே இருந்துவிட்டு, அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு வெளியே வருவதுதான் அவர்களுக்குச் சரிப்படும்.

படங்கள் நிறைந்த புத்தகம் போடுகிறவர்கள் தனியாக ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சமையல், பயணம், சிறுவர் கதை, கோயில் சிற்பம் என்று எதுவானாலும் சரி. 70 சதவீதத்தைத் தேர்ந்தெடுத்தால் கோப்பை வாசகருக்கு அனுப்பும் செலவு என்று இந்தியாவில் ஒரு எம்பிக்கு 7 ரூபாய் பிடிப்பார்கள். வெறும் எழுத்தாக இருக்கும் நாவல் ஒரு எம்பியைத் தொடுவதே அபூர்வம், பாதிப்பு தெரியாது. 8 எம்பி உள்ள படப் புத்தகத்துக்கு 100 ரூபாய் விலை வைத்தால் 56 ரூபாய் அனுப்பும் செலவாகவே போய்விடும், மிச்சம் 44-ல் 70 சதவீதம், அதாவது 30 ரூபாய் 80 பைசா. 35 சதவீதத்தில் அனுப்பும் செலவு கிடையாது, நேராக 35 ரூபாய் கையில். பெரிய விகிதம் என்று நம்பி அதிலேயே இருப்பவருக்கு ஒவ்வொரு பிரதியிலும் நான்கு ரூபாய்க்கு மேல் குறைகிறது. படங்களைச் சுருக்கிவிட்டு ஏற்றினால் இந்தக் கணக்கு மாறும், ஆகவே விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள்.

பணமே வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்குத் தமிழில் அருமையான பாரம்பரியம் ஒன்று இருக்கிறது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-ல் ஈழத்து நூல்களுக்காகத் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் தளம், இரண்டும் தன்னார்வலர்களின் உழைப்பால் நின்றவை. இன்றைய எழுத்தாளர்களின் நூல்களை, யாரும் இலவசமாகப் பகிரலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பல வடிவங்களில் வெளியிடுவதை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழு 2013 முதல் செய்துவருகிறது. அங்கே கொடுப்பதற்கு முன் ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. இரண்டு வருடம் கழித்து அதே புத்தகத்தைச் செலக்டில் சேர்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது, அது இணையத்தில் சட்டப்படி இலவசமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு புத்தகத்தை மனதாரக் கொடுத்துவிட்டு, அதன் வழியாக வந்த வாசகர்களுக்கு மற்றதை விற்பவர்கள் உண்டு, எனக்கு அந்த வழி மிகவும் பிடிக்கும்.

இனி உரிமை விஷயம். முப்பது நாற்பது வருடமாக எழுதி, பத்துப் பதினைந்து புத்தகம் அச்சில் வந்து, இப்போது எதுவுமே கடையில் கிடைக்காத எழுத்தாளர்கள் நம்மிடம் ஏராளம். மின்னூலால் அதிகம் பயன்பெறக் கூடியவர்கள் அவர்கள்தான். ஆனால் "பதிப்பாளர்கிட்ட கொடுத்தாச்சே, நான் எப்படிப் போடறது" என்று தயங்குகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, அவர்கள் நினைப்பதைவிட அவர்கள் பக்கம் நிற்கிறது. உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு போதாது. எழுத்தில் இருந்து, எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது. எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லப்படாதவரை, அது காலாவதியாகிவிடும். 2012-ல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது: ஒப்பந்தம் போட்ட காலத்தில் இல்லாத, அல்லது வணிகரீதியாகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை மாறாது என்கிறது அது.

தமிழ்ப் பதிப்புலகத்தில் பெரும்பாலான புத்தகங்கள் ஒப்பந்தமே இல்லாமல், ஒரு ஃபோன் பேச்சிலும் ஒரு டீயிலும் முடிவானவை. அப்படியென்றால் அவற்றின் மின்னூல் உரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது. ஒப்பந்தம் என்று ஏதாவது இருந்தால் அதைத் தேடி எடுத்துப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதி எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள், நல்ல பதிப்பாளர்கள் பலரும் மறுப்பதில்லை. பழைய அட்டைப்படத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள், அந்த ஓவியத்தின் உரிமை ஓவியருடையதோ பதிப்பகத்துடையதோ ஆக இருக்கும். எழுத்தாளர் இறந்துவிட்டால் உரிமை வாரிசுகளிடம் 60 வருடம் இருக்கும், இலங்கையில் 2003-ம் ஆண்டின் அறிவுசார் சொத்துச் சட்டப்படி 70 வருடம். அப்பாவின் புத்தகங்களை மின்னூலாக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது, அலமாரியில் கரையான் அரித்துக்கொண்டிருக்கும் எத்தனையோ நல்ல புத்தகங்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களை ஏற்றிச் சம்பாதிக்கலாம் என்று ஒரு யோசனை அவ்வப்போது கிளம்புகிறது. ஒரே பழைய நாவல் பலர் ஏற்றிப் பல பதிப்புகளாகக் கிண்டிலில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உரிமை பொதுவில் உள்ள நூல்களுக்குக் கேடிபி 35 சதவீதம் மட்டுமே தருகிறது, செலக்டில் சேர்க்கவும் முடியாது, இலவசப் பதிப்பு ஏற்கெனவே இருந்தால் உங்கள் பதிப்பில் குறிப்புரையோ மொழிபெயர்ப்போ ஓவியமோ சேர்ந்து அது தனித்துத் தெரிய வேண்டும். நல்ல அடிக்குறிப்புகளோடு ஒரு செம்பதிப்பு போடுவதாக இருந்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

உரிமை இருக்கிறது, சரி, கோப்பு இருக்கிறதா? பழைய புத்தகங்களை மீட்கும்போது ஆட்களை அழவைப்பது இதுதான். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன் ஒவ்வொரு டிடிபி கடையிலும் ஒவ்வொரு எழுத்துரு. டிஸ்கி, 1999 சென்னை மாநாட்டுக்குப் பிறகு வந்த டாம், டாப், இலங்கையில் பாமினி, அச்சகங்களில் வானவில், ஸ்ரீலிபி என்று ஒன்றுக்கொன்று பேசாத குறியேற்றங்கள். தமிழக அரசே யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல்தான். அந்தக் காலத்துப் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் இதில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். அப்புறம் மிஞ்சுகிற பிழைகள்தான் ஆபத்தானவை, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாது. "எ" வர வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான "௭" இருக்கும், "உ"வுக்குப் பதில் "௨" இருக்கும், "ஔ" என்பது "ஒ"வும் "ள"வுமாகப் பிரிந்து கிடக்கும், துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் "ர" உட்கார்ந்திருக்கும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். வாசகர் தேடினால் சொல் அகப்படாது, செயலி வாசித்துக் காட்டினால் உளறும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுகிற வேலைக்கு இரண்டு மாலைப்பொழுது ஒதுக்குங்கள்.

அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் (ஓசிஆர்) கொடுத்து எடுப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அச்சில் ஒவ்வொரு வரி முடியும் இடத்திலும் ஒரு வரிமுறிப்பு வந்துவிடும், அதை நீக்காமல் ஏற்றினால் கைப்பேசித் திரையில் ஒரு வரி முழுசாக, அடுத்த வரி இரண்டே சொல்லோடு என்று படிக்கவே சகிக்காது. தமிழ் மின்னூலைக் கருவியில் படிப்பவர்களைவிடக் கைப்பேசிச் செயலியில் படிப்பவர்களே அதிகம் என்பதை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். வேர்டு கோப்பில் தலைப்புகளுக்கு முறையான தலைப்புப் பாணி கொடுத்து, பத்திகளுக்கு நடுவில் என்டர் தட்டி இடம் விடாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் பொறுமை இருப்பவர்கள் சிகிலில் ஈபப் ஆகச் செய்துகொள்ளலாம், இலவச மென்பொருள்தான். பழைய மோபி வடிவத்தைக் கேடிபி இப்போது வாங்குவதில்லை, பழைய வழிகாட்டிகளை நம்பி அதில் மெனக்கெட வேண்டாம். ஏற்றும் முன் கிண்டில் பிரீவியூவரில் கைப்பேசி அளவில் வைத்து ஒரு அத்தியாயமாவது முழுதாகப் படித்துப் பாருங்கள்.

மெய்ப்புத் திருத்தத்துக்குப் பணம் செலவழிக்க மனம் வராதவர்கள்தான் அதிகம், எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. பதிப்பகம் இல்லை என்றால் பதிப்பாசிரியரும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது. ஒற்றுப்பிழை, பெயர் மாறிப்போவது, பத்தாவது அத்தியாயத்தில் இறந்தவர் பதினைந்தில் காபி குடிப்பது இதெல்லாம் எழுதியவர் கண்ணுக்குப் படாது. காசு இல்லாவிட்டால் இரண்டு எழுத்தாளர்கள் ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் படித்துத் திருத்திக்கொள்ளுங்கள். பக்கத்துக்குத்தான் பணம் என்றான பிறகு, பிழை பார்த்து எரிச்சலாகி வாசகர் மூடிவைக்கும் இடத்தில் வருமானமும் நின்றுவிடுகிறது. அட்டைக்கு 1600-க்கு 2560 பிக்சல் என்பது அவர்கள் பரிந்துரைக்கும் அளவு. இணையத்தில் கிடைத்த நடிகர் நடிகை படத்தை வெட்டி ஒட்டுவது நம் கதைகளில் சர்வசாதாரணமாகிவிட்டது, புகார் வந்தால் புத்தகம் போகும், தொடர்ந்து வந்தால் கணக்கே போகும், அந்தக் கணக்கில் இருக்கிற மற்றப் புத்தகங்களும் சேர்ந்து. இன்னொன்று, 2023 செப்டம்பர் முதல் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய எழுத்தோ படமோ இருந்தால் ஏற்றும்போதே சொல்ல வேண்டும் என்பது விதி, அட்டைப்படத்துக்கும் இது பொருந்தும்.

வரி, எண் விவகாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிண்டில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் தேவையில்லை, வேண்டும் என்றால் இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, அதற்குப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். கணக்கு தொடங்கும்போது அமெரிக்க வரிப் படிவத்தில் உங்கள் பான் எண்ணைக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்க விற்பனையில் 15 சதவீதம்தான் பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 30. ஒரு மாதத்து வருமானம் அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்து வங்கிக்கு வரும். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, மின்னூலுக்கு உண்டு. 2018-ல் அச்சுப் பதிப்பு உள்ள மின்னூலுக்கு அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள், அச்சே பார்க்காத மின்னூல் 18-லேயே நின்றது. மின்னூலாக மட்டும் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம், எழுத்தாளர் அமைப்புகள் உரக்கக் கேட்க வேண்டிய விஷயம்.

திருட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிண்டிலில் வந்த நாவல் டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் ஆகச் சுற்றுவது அன்றாடம் நடக்கிறது. விற்பனை இழப்பு ஒரு பக்கம், செலக்டில் இருப்பவருக்கு இதில் கூடுதல் தலைவலி உண்டு, புத்தகம் வெளியே கிடைக்கிறதே என்று அமேசானிடமிருந்தே கேள்வி வரலாம். வந்தால் பதறாமல், அது உங்கள் அனுமதியில்லாமல் போடப்பட்டது என்றும் நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள். அதனால்தான் எழுதிய வரைவுகள், தேதியோடு கூடிய மின்னஞ்சல்கள், அட்டைப்படத்துக்குப் பணம் கட்டிய ரசீது என்று எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்துவைப்பது அவசியம்.

அச்சுக்கு வருவோம். கேடிபியில் காகிதப் பதிப்பும் உண்டு, ஆனால் இந்தியக் கடைக்கு அந்த வசதி இல்லை, ஆகவே இங்கே அச்சு வேண்டும் என்பவர்கள் பெங்களூரின் போத்தி, சென்னையின் நோஷன் பிரஸ் மாதிரி தேவைக்கு அச்சிடுகிற நிறுவனங்களுக்கோ ஒரு பதிப்பகத்துக்கோ போகிறார்கள். கிண்டிலில் நன்றாகப் படிக்கப்பட்ட நாவலைத் தேடிப் பதிப்பகங்களே வருவதும் உண்டு. அமெரிக்காவில் ஹ்யூ ஹோவி என்ற எழுத்தாளர் தானே மின்னூலாகப் போட்ட கதைகள் பெரிதாக ஓடியபின், 2012-ல் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்துக்கு அச்சு உரிமையை மட்டும் கொடுத்தார், மின்னூலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். தமிழில் அந்த அளவு பணம் புழங்கவில்லை, ஆனால் அதே பிரிப்பை நாமும் கேட்கலாம், கேட்டவர்களுக்குக் கிடைத்தும் இருக்கிறது. பதிப்பாளர் நீட்டும் தாளில் "அனைத்து உரிமைகளும்" என்று இருந்தால் அதை அடித்துவிட்டு "தமிழில் அச்சுப் பதிப்பு மட்டும், மூன்று வருடத்துக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் எழுத்தாளரிடமே இருக்கும் என்று அடுத்த வரியில் சேர்த்து, இருவரும் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.